பனிமலை வீடியோவும் பள்ளிக்கூட முற்றமும்

2022 நவம்பரில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நீர்ச் சுழற்சி படம் வரையச் சொன்னேன். ஒன்பது பேர். அதில் ஆறு பேர் மலை உச்சியில் வெள்ளைத் தொப்பி கவிழ்த்த மாதிரி பனி போட்டிருந்தார்கள். இரண்டு பேர் மலையடிவாரத்தில் கூம்பு கூம்பாக மரமும் நட்டிருந்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடம் நாங்குநேரிக்குத் தெற்கே, திசையன்விளை பக்கம் போகிற வழியில் இருக்கிற ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஹெச்.எம். சாரும் நானும் மட்டும்தான். வாசலில் நின்று மேற்கே பார்த்தால் களக்காட்டு மலை நீலமாகக் கிடக்கும். அந்த மலையில் பனி மூடிக் கிடந்ததை யாருடைய ஆச்சியும் பார்த்ததில்லை. கூம்பு மரத்தை இந்தப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் கார்டில்தான் பார்த்திருக்கும்.

ஒரே ஒரு பையன் மட்டும் குளம், குளத்துக்கு மடை, கரையில் நாலு பனை, மேலே கருமேகம் என்று வரைந்திருந்தான். குளத்துத் தண்ணீரிலிருந்து மேகத்துக்கு அம்புக்குறியும் சரியாகப் போட்டிருந்தான். "இவன் மட்டும் எப்படி?" என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். நான் நீர்ச் சுழற்சி வீடியோ போட்ட அன்றைக்கு அவன் லீவு.

அந்த வீடியோவைத் தேடி எடுத்து, தம்பியின் பழைய அரசு லேப்டாப்பில் ஏற்றி, பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துச் சுமந்துகொண்டு வந்தவள் நான். நாலு நிமிஷம், அருமையான அனிமேஷன், தமிழிலேயே குரல். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, எங்கேயோ பனி பெய்கிற ஊருக்காகச் செய்தது என்பதைத் தவிர. பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள். பாடம் நன்றாகப் போனது என்று அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அந்த ஒன்பது தாளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் முதல் முறையாகக் கற்றல் விளைவுகளை, அதாவது எந்த வகுப்பில் பிள்ளை என்னென்ன செய்யக் கற்றிருக்க வேண்டும் என்ற பட்டியலை, ஒழுங்காகப் படித்தேன். தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. 2017-இல் தொடக்க நிலைக்கான கற்றல் விளைவுகளை வெளியிட்டது. நம் பாடக் குறிப்பேட்டிலும் அதைத்தான் எழுதுகிறோம். உள்ளதைச் சொன்னால், எழுதுவதோடு சரி. பாடத்துக்கு எதிரே ஒரு வரியைப் பார்த்து எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவோம். அன்றைக்கு வரி வரியாக வாசித்தபோது கண்ணில் பட்டது வினைச்சொற்கள்தான். உற்றுநோக்குகிறார், வகைப்படுத்துகிறார், பதிவு செய்கிறார், ஊகிக்கிறார், அளவை மதிப்பிடுகிறார். 'அறிகிறார்' என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வீடியோ பார்க்கிற பிள்ளை உற்றுநோக்குகிறதா? திரையைப் பார்க்கிறது. வகைப்படுத்துகிறதா? வீடியோவில் இருக்கிற அக்கா வகைப்படுத்துகிறார், பிள்ளை பார்க்கிறது. பாடக் குறிப்பேட்டில் நான் எழுதிய வினைச்சொல் ஒன்று, வகுப்பில் நடந்த வினை வேறொன்று.

அன்றைக்கு ஏற்பட்ட பழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. எந்தப் பாடம் என்றாலும் முதலில் கற்றல் விளைவில் இருக்கிற வினைச்சொல்லுக்கு அடியில் கோடு போடுவேன். அப்புறம்தான் இணையத்தைத் திறப்பேன். 'விளக்குகிறார்' என்று இருந்தால் வீடியோ உதவும். 'அளக்கிறார்', 'பதிவு செய்கிறார்' என்று இருந்தால் வீடியோவுக்கு அங்கே வேலை இல்லை, இருந்தாலும் கடைசியில்தான். 'ஊகிக்கிறார்' என்று இருந்தால் வீடியோவைப் பாதியில் நிறுத்த வேண்டும். இந்த மூன்றாவதுதான் கையில் வர ரொம்ப நாள் ஆனது. விடை வருவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்துவதற்கு, அந்த வீடியோவை நாம் இரண்டு தடவையாவது பார்த்திருக்க வேண்டும்.

தேடுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலப் பாடநூல்களில் 2018-லிருந்து கியூஆர் குறியீடு இருக்கிறது. திக்‌ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். குறியீட்டின் மேல் பிள்ளை மீசை வரைந்திருந்தாலோ பக்கம் கசங்கியிருந்தாலோ, அதன் கீழே 6 எழுத்தில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். அதைத் தட்டினாலும் போதும். இது தெரியாமல் ஒரு வருஷம் முழுக்கப் பக்கத்தை நீவி நீவி ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் வைஃபை இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்வது உத்தமம். எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் வேப்பமரத்து மூட்டில் போய் நிற்க வேண்டும். முப்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போக முடியாது.

நெட் வழியாக நேரடியாக ஓட்டாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருநாள் இதயம் எப்படித் துடிக்கிறது என்ற காணொளியைப் போனிலிருந்தே ஓட்டினேன். நடுவில் விளம்பரம் வந்தது. சீட்டு விளையாடினால் பணம் கொட்டும் என்று ஒருவர் சிரித்தார். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன் அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினான். அந்த விளம்பரம் அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடம். அன்றிலிருந்து இறக்கி, பென்டிரைவில் போட்டு, ஓட்டிப் பார்த்த பிறகுதான் வகுப்புக்குக் கொண்டு போகிறேன்.

இனி நிழல் கதை.

வெளிநாட்டு வளங்களைத் தேடும்போது அமெரிக்காவின் 'அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்' கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 2013-இல் அங்கே வந்தது. பல இணையதளங்கள் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் பக்கத்தில் அதன் எண்ணைப் போட்டிருக்கும். அதில் ஐந்தாம் வகுப்புக்கு ஒன்று இருக்கிறது: நிழலின் நீளமும் திசையும் நாளுக்குள் எப்படி மாறுகின்றன என்ற தரவை வரைபடமாக்கி, அதிலுள்ள ஒழுங்கைக் காட்ட வேண்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. செலவில்லை. ஒரு கம்பு, வெயில், சுண்ணாம்பு. இந்த மூன்றுக்கும் நாங்குநேரி பக்கம் பஞ்சமே இல்லை.

அது சம்பந்தமாகக் கிடைத்த வீடியோவில் ஒரு பையன் கம்பு நட்டு, "நடுப்பகலில் நிழல் வடக்கே விழும்" என்று சொல்கிறான். நானும் அதை அப்படியே குறித்துக்கொண்டேன். ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் ஒரு மீட்டர் கம்பை முற்றத்தில் நட்டோம். மதியம் பார்த்தால் நிழல் தெற்கே கிடக்கிறது. ஒரு சாணைவிடக் கொஞ்சம் கூடுதல்.

"டீச்சர், வீடியோ தம்பி பொய் சொல்லிட்டான்."

பொய் இல்லை. அவன் ஊர் எங்கேயோ வடக்கே இருக்கிறது. கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறவர்களுக்குச் சூரியன் என்றைக்கும் தெற்கே சாய்ந்துதான் இருக்கும், நிழல் என்றைக்கும் வடக்கே விழும். நாம் இருப்பது ஏறக்குறைய எட்டரை டிகிரியில். ஏப்ரல் 12-ஐ ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அப்புறம் நம்மைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வரும்போது மறுபடியும் தலைக்கு மேலே. இடையில் இருக்கிற நாலரை மாசமும் நடுப்பகல் நிழல் தெற்கே. இதை நான் பி.எட். வரைக்கும் படித்தும் தெரிந்துகொண்டதில்லை. கம்பு சொல்லித்தான் தெரிந்தது.

சூரியன் நேர் மேலே வருகிற அந்த இரண்டு நாளையும் நிழலில்லா நாள் என்கிறார்கள். எந்த ஊருக்கு எந்தத் தேதி என்று இந்திய வானியல் சங்கத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரலில் வருவது பரீட்சை நேரம், தோதுப்படாது. ஆகஸ்ட் கடைசிதான் நமக்கு வசதி.

2023 ஆகஸ்ட் 31, வியாழக்கிழமை. ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை ஏற்றிவிட்டிருந்தேன். சத்துணவு அக்கா, பால்வாடி டீச்சர், ரோட்டில் போன இரண்டு பெரியவர்கள் வரை முற்றத்தில் கூடிவிட்டார்கள். பத்து மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு முறை நிழலின் முனையில் சுண்ணாம்பால் பொட்டு வைத்துக்கொண்டு வந்தோம். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தார் ஹெச்.எம். சார். எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

நிழல் இருந்தது. மேற்குப் பக்கமாக, நாலு விரற்கடை நீளத்துக்கு, அசையாமல் இருந்தது.

"இதுக்குத்தான் இம்புட்டு ஆர்ப்பாட்டமா, டீச்சர்?" என்று பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு முகம் செத்துப்போனது. பிள்ளைகளைக் கைகழுவச் சொல்லிச் சாப்பிட அனுப்பிவிட்டேன். இணையத்தில் தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நானும் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

நாலாம் வகுப்புப் பையன் ஒருத்தன் தட்டோடு வெளியே போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். திடீரென்று வெளியிலிருந்து சத்தம். "டீச்சர், நெழலக் காணும்! ஏல, எல்லாரும் வாங்கல! நெழலக் காணும்!"

கையில் சோற்றோடு ஓடினோம். கம்பு மட்டும் நின்றது. சுற்றிலும் வெறும் செம்மண். அவன் தன் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குனிந்து பார்த்தான். அவன் நிழல் அவன் காலடிக்குள் அடங்கிக் கிடந்தது. சுவரில் கடிகாரம் பன்னிரண்டு இருபது.

ஏன் பன்னிரண்டு இருபது என்பதற்கான விடை அன்றைக்கு ராத்திரிதான் எனக்குக் கிடைத்தது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் இருப்பது 77.7 பக்கம், கிட்டத்தட்ட 5 டிகிரி மேற்கே. பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிஷம். ஆக, அங்கே உச்சி வந்து இருபது நிமிஷம் கழித்துத்தான் நமக்கு உச்சி வரும். ஹெச்.எம். சார் அடித்தது அரசாங்க மணி. நிழல் தன் கணக்குப்படி வந்தது. (வருஷத்தில் மற்ற மாசங்களில் இது பத்துப் பதினைந்து நிமிஷம் முன்னே பின்னே போகும். ஆகஸ்ட் கடைசியில் இருபது என்று வைத்துக்கொள்ளலாம்.)

அடுத்த நாள் காலை வகுப்பில் அந்தப் பையனை முன்னால் நிறுத்தி இதைச் சொன்னேன். அவன் கேட்டது: "அப்ப நம்ம ஊர்ல பன்னெண்டு மணிங்கறது பொய்யா?" இதற்கு இன்னும் ஒழுங்காக நான் பதில் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அந்தக் கம்பு வருஷம் முழுக்க முற்றத்திலேயே நின்றது. மாசத்துக்கு ஒரு தடவை உச்சி நேர நிழலை அளந்து சுவரில் ஒட்டிய தாளில் குறித்தோம். ஜூனில் தெற்கே 26 செ.மீ. டிசம்பரில் வடக்கே 62. கோடு தெற்கிலிருந்து சுருங்கி, ஒன்றுமில்லாமல் போய், வடக்கே நீண்டு போவதைப் பிள்ளைகள் தங்கள் கையெழுத்திலேயே பார்த்தார்கள். இதற்குப் பிறகுதான் பூமி சாய்ந்து சுற்றுகிற அனிமேஷனைப் போட்டேன். முதலிலேயே போட்டிருந்தால் அது இன்னொரு கார்ட்டூனாகப் போயிருக்கும். இப்போது அவர்களிடம் அதைக் கேள்வி கேட்கக் கையில் ஒரு தாள் இருந்தது.

மற்ற ஆசிரியர்களிடம் சொல்ல ஒன்று இருந்தால், வரிசையை மாற்றிப் போடச் சொல்வேன். நம் பழக்கம் என்னவென்றால் முதலில் வீடியோ, அப்புறம் விளக்கம், நேரம் மிச்சமிருந்தால் செயல்பாடு. நான் இப்போது செய்வது முற்றம், பதிவு, சண்டை, அப்புறம் வீடியோ. சண்டை என்று சும்மா சொல்லவில்லை. "நீ அளந்தது தப்பு" என்று இரண்டு பிள்ளைகள் மல்லுக்கு நிற்காவிட்டால் அந்தப் பாடத்தில் அறிவியல் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

பிறைநிலாவிலும் இதே கூத்துதான். படங்களில் எல்லாம் வளர்பிறை நிமிர்ந்து, வலப்பக்கம் வெளிச்சமாக நிற்கும். நம் ஊரில் மூன்றாம் பிறை படகு மாதிரி மல்லாந்து கிடக்கும், சில மாசங்களில் கொஞ்சம் ஒருக்களிக்கும். பிள்ளைகளிடம் பார்த்ததை வரையச் சொன்னால் படத்தில் உள்ளதைத்தான் வரைவார்கள். "நேத்து ராத்திரி நீ பாத்த நிலாவ வரை" என்று அழுத்திச் சொன்னால்தான் படகு வரும். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

பருப்பொருள் பாடத்துக்கு வருகிறேன். திரவம் ஆவியாகும் என்பதைக் காட்டுகிற காணொளிகளில் ஒரு கண்ணாடிக் குடுவை, அடியில் நெருப்பு, 100 டிகிரி, குமிழி, ஆவி. பார்த்து முடித்ததும் ஒரு பெண் பிள்ளை கேட்டாள், "அப்ப கொடியில போட்ட துணி எப்படிக் காயுது? அது கொதிக்கலியே?" நியாயமான கேள்வி. கொதித்தால்தான் ஆவியாகும் என்று அந்தக் காணொளிதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

எங்கள் ஊரில் பங்குனி, சித்திரையில் பதநீர் காய்ச்சுவார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே காய்ச்சுகிறார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். அவள் அம்மாவிடம் கேட்டு, ஒரு சனிக்கிழமை ஐந்தாறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பதநீர் காய்ச்சுகிற குடிசையான விடிலிக்குப் போனேன். காவோலை எரிந்துகொண்டிருந்தது, பெரிய சட்டியில் பதநீர் நுரைத்துக்கொண்டிருந்தது. "பக்கத்துல வராதிங்க மக்கா, தெறிக்கும்" என்று சொல்லிக்கொண்டே அந்தம்மா ஒரு எவர்சில்வர் தட்டை இடுக்கியில் பிடித்து ஆவிக்கு மேலே காட்டினார். தட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது. ஆறிய பிறகு ஆளுக்கொரு விரல் தொட்டு நக்கிப் பார்க்கச் சொன்னேன்.

"இனிக்கவே இல்ல டீச்சர். சும்மா தண்ணி."

"அப்ப இனிப்பு எங்க போச்சு?"

யாரும் பேசவில்லை. சிரட்டையில் ஊற்றி வைத்திருந்த கருப்பட்டியை ஒருத்தி பார்த்தாள். சொல்லவில்லை, கை நீட்டிக் காட்டினாள்.

திங்கட்கிழமை இரண்டு தட்டில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்தோம். எதையும் கொதிக்க வைக்கவில்லை, இரண்டும் குறைந்தன. அப்புறம் ஃபெட் (PhET) என்ற இணையதளத்தின் அறிவியல் விளையாட்டைப் போட்டேன். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் ஆரம்பித்தது. இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் தொடங்கியது. பருப்பொருளின் நிலைகள் பற்றி அதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. கீழே சூடு கொடுத்தால் துகள்கள் துள்ளும், குளிரவைத்தால் ஒன்றாக ஒட்டி அடங்கும். சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. எனக்குப் பிடித்த விஷயம், அதை ஒரே கோப்பாக இறக்கிவைத்து நெட் இல்லாமலே ஓட்டலாம். பிள்ளை தானே சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். வீடியோவில் அது முடியாது. ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய ஒன்று: திரையில் வருகிற வண்ணப் பந்துகளைப் பார்த்துவிட்டு "தண்ணித் துகள் என்ன கலர் டீச்சர்?" என்று கட்டாயம் ஒருத்தர் கேட்பார்.

முற்றமே எப்போதும் உசத்தி என்றும் நான் சொல்ல மாட்டேன். சீசா பலகை வைத்து எடையும் தூரமும் எப்படிச் சமன் ஆகின்றன என்று காட்டப் பனஞ்சட்டத்தைக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வழுக்கியது, இன்னொரு பக்கம் வளைந்தது, காற்று வேறு. ஒரு மணி நேரம் போனது, ஒன்றும் விளங்கவில்லை. அதே ஃபெட்டில் சமநிலை விளையாட்டில் பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் விதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இதயத்தின் உள்ளே, கோள்கள், கண்ணுக்குத் தெரியாத கிருமி, இதற்கெல்லாம் திரைதான் சரி. செலவில்லாத சின்னச் சின்னக் கருவிகளுக்கு அரவிந்த் குப்தாவின் காணொளிகள் இருக்கின்றன. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்து அவர் செய்கிற முக்கோணங்களை எங்கள் பிள்ளைகள் சத்தத்தை அணைத்துவிட்டே பார்த்துச் செய்தார்கள். பேச்சே வேண்டியதில்லை, கையைப் பார்த்தால் போதும்.

சத்தத்தை அணைப்பது வேறு பாடங்களிலும் உதவும். காணொளியை முதல் தடவை ஊமையாக ஓட்டி, "என்ன நடக்குன்னு நீ சொல்லு" என்று கேட்டால், குரல் கொடுக்கப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். எது புரியவில்லை என்பது அதிலேயே வெளிப்பட்டுவிடும்.

பறவைப் பாடத்தில் எனக்கு நானே மூக்குடைபட்டேன். அலகை வைத்து உணவை ஊகிக்க வேண்டும் என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட விளைவு. பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளம் எங்களுக்குப் பக்கம். ஒரு பிள்ளையின் அம்மா பிறந்த ஊரே அதுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் என்ற செயலியை இறக்கிக்கொண்டு போனேன். படம் காட்டினாலும் சத்தம் கேட்க வைத்தாலும் இன்ன பறவை என்று சொல்லும். நன்றாகவே சொல்லியது, இங்கிலீஷில். பிள்ளைகள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்ல முயன்று நாக்கு சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

குளத்தங்கரையில் நின்ற தாத்தா ஒருத்தர் எங்களைப் பார்த்துவிட்டு, "அன்னா நிக்கி பாரு, கரண்டிவாயன். அந்தால கூழைக்கடா. இவன் அரிவாள்மூக்கன்" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் அப்படியே நின்றுவிட்டேன். என் பாடத்தின் மொத்த விடையும் அந்தப் பெயர்களிலேயே இருந்தது. கரண்டி மாதிரி வாய் என்றால் எப்படித் தின்னும்? துழாவித் தின்னும். அரிவாள் மாதிரி மூக்கு? சகதிக்குள் விட்டுக் கிளறும். அடுத்த வாரம் வகுப்பில் இடுக்கி, கரண்டி, வடிகட்டி, வளைந்த கொக்கி இவற்றைக் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் அரிசிப்பொரியையும் அடியில் கிடக்கும் கூழாங்கல்லையும் எடுக்கச் சொன்னேன். எந்த அலகுக்கு எது வசதி என்று அவர்களே அட்டவணை போட்டார்கள். மெர்லின் அதற்கப்புறமும் உபயோகப்பட்டது: குளிர்காலத்தில் இங்கே வருகிற வரித்தலை வாத்து வேறு எங்கெல்லாம் இருக்கும் என்று அதிலுள்ள வரைபடத்தில் காட்டினேன். இமயமலையைத் தாண்டிப் பறக்கிற பறவை நம் குளத்தில் நிற்கிறது என்றதும், தாத்தா முதற்கொண்டு எல்லோரும் போனுக்குள் தலையை விட்டார்கள்.

மழைக்கு இப்போது அனிமேஷன் போடுவதில்லை. வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் எடுத்த மேகப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காலையில் பஸ்ஸில் வரும்போதே அன்றைய படத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். வங்காள விரிகுடாவில் வெள்ளையாகத் திரண்டு நிற்பதைக் காட்டி, "இது நம்மகிட்ட வருமா, வராதா? எழுது" என்பேன். சாயங்காலம் விடை வானத்திலிருந்து வரும். முற்றத்தில் நேர்ச்சுவர் உள்ள பழைய பால்பவுடர் டின் ஒன்று மழைமானியாக நிற்கிறது. பாட்டிலை வெட்டி வைக்காதீர்கள், அடி குறுகலாகவோ மேடாகவோ இருந்தால் அளவு தப்பும். டின்னுக்குள் ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பது சுழற்சி முறையில் ஒவ்வொருத்தர் வேலை.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் பள்ளி பல நாள் கழித்துத் திறந்தபோது பிள்ளைகள் முதலில் ஓடியது டின்னைப் பார்க்கத்தான். விளிம்பு வரை நிரம்பி நின்றது. அன்றைக்கு முறை வைத்திருந்த பிள்ளை பதிவேட்டில் எழுதியது: "20 செ.மீ.க்கு மேல். எவ்வளவு மேல் என்று தெரியாது. டின் சின்னது." நான் பார்த்த பதிவுகளிலேயே நேர்மையான பதிவு அதுதான்.

வீட்டுப் போனில் பாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். கொரோனா காலத்தில் அப்படித்தான் செய்தோம், வேறு வழியில்லை. ஆனால் அப்பா வேலைக்குப் போகும்போது போனும் கூடப் போய்விடும் வீடுகள் பாதிக்குப் பாதி. பார்த்தவன் கை தூக்குவான், பார்க்காதவள் தலை குனிவாள். வீட்டுப்பாடம் என்றால் நிலா பார்ப்பது, துணி காய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. இதற்கு ரீசார்ஜ் வேண்டாம்.

இப்போது வகுப்பில் பெரிய திரை வந்துவிட்டது. லேப்டாப்பை மடியில் சுமக்க வேண்டியதில்லை. என் பென்டிரைவில் பத்தொன்பது கோப்புகள் இருக்கின்றன. முதல் கோப்பு அந்தப் பனிமலை வீடியோதான், அழிக்கவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் புது நாலாம் வகுப்புக்கு, குளத்தங்கரையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அதைப் போட்டு "இதுல நம்ம ஊர்ல இல்லாதது எத்தன? நம்ம ஊர்ல இருந்து இதுல இல்லாதது எத்தன?" என்று கேட்கிறேன். போன வருஷம் முதல் பட்டியலில் நாலு வந்தது. இரண்டாவது பட்டியலில் பதினொன்று. மடை, வாய்க்கால், கிணறு, பனை, காத்தாடி, மாடு குடிக்கிற தண்ணீர். கடைசியாக ஒருத்தி எழுதியிருந்தாள்: "எங்க அம்மா தண்ணி எடுக்க நிக்கிற லைன்."